அறுபது சதம் எங்கிருந்து வந்தது?

1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 4ஆம் திகதி, வியாழக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குக் கிணற்றடி. 5.50க்குப் பனங்கட்டியோடு ஒரு கோப்பை வெறுந்தேநீர். 6.40க்கு வெள்ளவத்தை நிலையத்தில் ரயில், மூன்றாம் வகுப்பு, கடல் பக்கத்து இருக்கை. கோட்டையில் இறங்கி நடந்து 7.35க்குக் கொட்டாஞ்சேனைக் கந்தோரை அடைந்தேன். பேனா முள்ளை மாற்றினேன். மழை இல்லை. மத்தியானம் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. பிற்பகல் 2.15க்குப் புரொக்டர் சிவக்கொழுந்துவின் மனைவி மங்கையற்கரசி அம்மா கந்தோருக்குள் வந்தார். 3.40க்குத் திரும்பிப் போனார்.

அந்த எண்பத்தைந்து நிமிடங்களைப் பற்றி என் டயறியில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "கணக்குச் சரி. மற்றதெல்லாம் பிழை."

நான் ஓய்வு பெற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. கம்பனி இப்போது மோட்டார் வான் வாங்கியிருக்கிறது, அதோடு மூன்றாவது கட்டணத் திட்டம் ஒன்றையும் அறிவித்திருக்கிறது. கந்தோரில் எனக்குப் பின் வந்தவர்கள் இருவர் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "ஐயா, ரெண்டு திட்டமும் ஒண்டாகிற இடத்தை முதல்முதல் கண்டுபிடிச்சது நீங்கள்தானாம். அதை எழுதித் தாருங்கோவன்" என்று கேட்டார்கள். கண்டுபிடித்தது உண்மை. அதனால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுவதே முறை.

எங்கள் கம்பனி சாப்பாட்டுக் கூடை சுமக்கும் கம்பனி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளில் சமைத்த சோற்றைக் காலை பத்தரைக்குள் சேகரித்து, கோட்டையிலும், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலும் வேலை செய்கிறவர்களின் மேசைக்குப் பன்னிரண்டேகாலுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்போம். திங்கள் முதல் வெள்ளி வரை. இருபதாவது வயதில் மூடி எண்ணுபவனாகச் சேர்ந்தேன். ஒவ்வொரு கூடைக்கும் அதன் மூடி திரும்பி வந்ததா என்று பார்க்கும் வேலை அது. ஏழு வருடம் மூடி எண்ணினேன். பிறகு கயிறு, பிறகு கூடை, பிறகு பில். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு. முப்பத்தொன்பதாவது வயதில் பிரதம கிளாக்கர் ஆனேன்.

மனேஜர் மரைக்கார் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். தாளில் எழுதிய கணக்கை நம்பமாட்டார். மேசை லாச்சியில் எப்போதும் ஒரு சரை, காகிதச் சுருள் நிறைய, அவித்த கடலை இருக்கும். நாங்கள் கொண்டுபோகும் கணக்கைக் கடலையாக அடுக்கிப் பார்ப்பார். சரியாக வந்தால் அந்தக் கடலையை அவர் தின்பார். பிழையாக வந்தால் கணக்குக் கொண்டுவந்தவனிடம் கொடுத்துவிட்டு, "தின்டுட்டுப் போய்த் திரும்பப் போடுங்க" என்பார். இதனால் கந்தோரில் மாதக் கடைசியில் பிழைகள் கூடின. நான் மட்டும் பிரதம கிளாக்கரான பிறகு ஏழு வருடத்தில் மூன்று தடவைதான் கடலை தின்றிருக்கிறேன்.

அவருடைய இன்னொரு கொள்கை, பில்லில் மொத்தத் தொகையை மட்டும் எழுதுவது. எத்தனை கூடை, எந்த நாள் என்று எதுவும் எழுதக்கூடாது. "வெவரம் எழுதினா மனிசன் வெவரம் கேப்பான். எங்களுக்கு என்னத்துக்கு அந்த வேலை?" என்பார். கணக்கு எப்போதும் சாப்பாடு பெறுபவர் பெயரில் இருக்கும். ஒருவருக்கு ஒரே கணக்கு. எந்த வீட்டிலிருந்து கூடை வந்தாலும் அவர் கணக்கில்தான் ஏறும், பில் அவர் வீட்டுக்குப் போகும். இந்த இரண்டு வழக்கங்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

1938 தொடக்கத்தில் பம்பலப்பிட்டியில் ஒருவர் எங்களுக்குப் போட்டியாகக் கூடை சுமக்கத் தொடங்கினார். அதனால் மரைக்கார் அவர்கள் இரண்டு திட்டங்களை வைத்தார். நாள் திட்டத்தில் கூடைக்குப் பதினைந்து சதம், வேறொன்றும் இல்லை. மாதத் திட்டத்தில் மாதம் ஒன்றரை ரூபா நிலையான கட்டணம், அதற்கு மேல் கூடைக்கு ஐந்து சதம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எனக்கு எது குறைவு?

நான் ஒரு தாளில் கூடைகளின் எண்ணிக்கையைக் 'கூ' என்று வைத்து எழுதினேன். ஒரு பக்கம் பதினைந்து கூ. மறுபக்கம் நூற்றைம்பதும் ஐந்து கூவும். இரண்டும் சமமாகும் இடத்தைக் கண்டுபிடித்தால் போதும். தாளை மனேஜரிடம் கொண்டுபோனேன்.

"இதென்ன கூ? குயிலா?"

"இல்லை சேர். எத்தனை கூடை எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியிற வரைக்கும் கூ."

"தெரியாத ஒண்ட வெச்சிக்கிட்டு எப்பிடிக் கணக்குப் போடுற?"

கடலையை எடுத்தேன். மாதத் திட்டத்தில் ஒவ்வொரு கூடைக்கும் பத்துச் சதம் மிச்சம். அந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து ஒன்றரை ரூபாவை அடைக்க எத்தனை கூடை வேண்டும்? ஒரு கடலைக்குப் பத்துச் சதம் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனேன். பதினைந்தாவது கடலையில் அடைந்துவிட்டது.

"அப்ப பதினஞ்சு கூடையில ரெண்டும் ஒண்டு?"

"ஓம் சேர். ரெண்டேகால் ரூபா. அதுக்குக் கீழ எண்டால் நாள் திட்டம் லாபம். அதுக்கு மேல எண்டால் மாதத் திட்டம்."

பதினைந்து கடலையையும் அவர் ஒன்றொன்றாக, மிகவும் மரியாதையாகத் தின்றார். அடுத்த வாரமே ஒரு அட்டை அச்சடித்தார். "எத்தனை கூடை என்று நீங்கள் சொல்லுங்கள். எது குறைவு என்று நாங்கள் சொல்கிறோம்."

எத்தனை கூடை என்று அவர்கள் சொல்ல வேண்டுமே! அங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். வேலை நாட்களிலிருந்து சாப்பாடு அனுப்பாத நாட்களைக் கழிக்க வேண்டும். சாப்பாடு அனுப்பாத நாள் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாலும் விரதம். ஆகவே படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: "மாதத்தில் விரத நாட்கள் எத்தனை?" கந்தோரில் வைத்துக் கேட்டால் ஒரு மனிதர் இரண்டு என்பார். அவரையே வீட்டில், மனைவியும் மாமியாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டால் எட்டு என்பார். சுங்கப் பகுதியில் வேலை செய்த ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கோபத்தில மனிசி சாப்பாடு அனுப்பாத நாளை விரதத்தில போடலாமோ?" என்று கேட்டார்.

"பட்டினி எண்டால் போடலாம்" என்றேன்.

"அப்ப ஆறு போடுங்கோ." படியிறங்கிப் போனவர் திரும்பி வந்தார். "எட்டாக்குங்கோ. அவவின்ர தமையன் வந்து நிக்கிறார்."

வழக்குப் பேசும் புரொக்டர் சிவக்கொழுந்து தன் படிவத்தைப் புதுக்கடையிலுள்ள தன் கந்தோரில் வைத்து நிரப்பினார். வெள்ளிக்கிழமை விரதமும் நீதிமன்ற விடுமுறையும் போக மாதம் பதினான்கு கூடை என்று எழுதினார். பதினான்கு என்றால் நாள் திட்டம். அப்படியே பதிந்தேன்.

யூலை 4ஆம் திகதி, திங்கட்கிழமை, மங்கையற்கரசி அம்மா முதல் தடவை வந்தார். கல்யாணத்துக்கு முன் பெண்கள் பாடசாலை ஒன்றில் எழுத்தை வைத்துக் கணக்குப் போடும் அட்சரகணிதம் படிப்பித்தவர். அது எனக்கு அப்போது தெரியாது. கையில் ஒரு கொப்பியும், எங்கள் பில் இரண்டும் வைத்திருந்தார்.

"நீங்கள்தானோ பிரதம கிளாக்கர்?"

"ஓம் அம்மா."

"உங்கட கொம்பனியில எத்தனை திட்டம்?"

"ரெண்டு அம்மா."

"எங்கட வீட்டுக்கு மூண்டாவது ஒண்டு வந்திருக்கு" என்று சொல்லிக் கொப்பியைத் திறந்தார். "மே மாதம் பதினாலு கூடை அனுப்பினனான். பில் ரெண்டு ரூபா எழுபது. யூனில பதின்மூண்டு கூடை. பில் ரெண்டு ஐம்பத்தைஞ்சு. ஒரு கூடை குறைய, பதினைஞ்சு சதம் குறைஞ்சிருக்கு. அப்ப கூடைக்குப் பதினைஞ்சு. சரியோ?"

"சரி அம்மா."

"பதினாலு கூடைக்கு ரெண்டு ரூபா பத்து. மிச்சம் அறுபது. பதின்மூண்டு கூடைக்கு ஒண்டு தொண்ணூற்றைஞ்சு. மிச்சம் அறுபது. ரெண்டு மாதமும் அதே அறுபது. உங்கட அட்டையில நிலையான கட்டணம் ஒண்டு எண்டால் ஒண்டரை ரூபா, இல்லாட்டி ஒண்டுமில்லை. இந்த அறுபது சதம் எங்கயிருந்து வந்தது?"

இவ்வளவு சுத்தமான கணக்கை நான் எங்கள் கம்பனிக்குள் கண்டதில்லை. மகிழ்ச்சியோடு பேரேட்டை எடுத்துப் புரொக்டரின் பக்கத்தைப் புரட்டினேன். மகிழ்ச்சி அங்கேயே போய்விட்டது. அவர் கணக்கில் வெள்ளவத்தைக் கூடைகளுக்கு நடுவே, வெள்ளிக்கிழமை தோறும், என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: "கொட்டாஞ்சேனை, திரேசம்மா வீடு. புதுக்கடை, புரொக்டர் கந்தோர்." மாதம் நான்கு வெள்ளி. நான்கு பதினைந்து அறுபது.

வெள்ளிக்கிழமை அவர் விரதம் என்று படிவம் சொல்கிறது. பேரேடோ ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறது. பேரேட்டை மூடினேன். ஒருவர் கூடையைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது கம்பனி விதி. ஏதாவது சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருட சேவையில் முதல் தடவையாக ஒரு பொய் சொன்னேன்.

"அது மாடிப்படிக் கட்டணம் அம்மா. ஐயாவின்ர கந்தோர் மேல்மாடியில எல்லோ?"

"எத்தனை படி?"

"இருபது."

"அப்ப படிக்கு மாதம் மூண்டு சதம்" என்று கொப்பியில் எழுதிக்கொண்டு எழுந்து போனார்.

பொய் சொன்னதை மனேஜரிடம் சொன்னேன். "இல்லாத ஒரு கட்டணத்த எப்பிடிங்க நீங்க..." என்று தொடங்கியவர் நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "எல்லா மாடிக்கும் போட்டா என்ன?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை, யூலை 8ஆம் திகதி, கூடை சுமக்கும் பியசேனவோடு நானும் புதுக்கடைக்கு நடந்தேன். திரேசம்மா வீட்டுக் கூடையைத் தலையில் தூக்கும்போது பியசேன, "பர வெடி, மாத்தயா" என்று முனகினான். பாரம் கூட என்று நான் கேட்காமலே தெரிந்தது. உள்ளே ஆறு அடுக்குக் கரியர். புரொக்டரின் கந்தோர்ப் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினேன். பதினேழு. அம்மாவிடம் நான் சொன்னது இருபது.

மேலே புரொக்டர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, நெற்றி நிறையத் திருநீறோடு, அவருடைய மாமனார் வைத்திலிங்கம். கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலின் தருமகர்த்தா. மங்கையற்கரசி அம்மாவின் தகப்பன். மேசையில் வழக்குக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு வாழையிலை போட்டிருந்தது. பியசேன கூடையை இறக்கியதும் மாமனாரே கரியரைத் திறந்தார். நண்டுக் கறியின் வாசம் அறையை நிரப்பியது.

"கதவைச் சாத்தும், கிளாக்கர்" என்றார் புரொக்டர்.

சாத்தினேன். வந்த காரியத்தைச் சொன்னேன். புரொக்டரே நடந்ததைச் சொன்னார்.

போன வருடம் மாமனாரின் காணி வழக்கு ஒன்றை மருமகன் பேசினாராம். வென்றால் குடும்பத்தோடு ஒரு வருடம் வெள்ளிக்கிழமை விரதம் என்று மங்கையற்கரசி அம்மா நேர்த்தி வைத்தாராம். வழக்கு வென்றது. "வழக்குப் பேசினது நான், காணி மாமாவின்ர, நேர்த்தி அவவின்ர" என்றார் புரொக்டர். "இதில பட்டினி மட்டும் எல்லாருக்கும் பொது."

திரேசம்மா கத்தோலிக்கப் பெண்மணி, அறுபது வயதைத் தாண்டியவர், வீட்டில் சமைத்து விற்பவர். கத்தோலிக்கருக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது. ஆகவே கொட்டாஞ்சேனை முழுவதும் அன்றைக்குத்தான் மீனும் நண்டும் விசேஷமாகச் சமைப்பார்கள். அந்த வாசம் தருமகர்த்தாவின் வீட்டுக்கு வேலி தாண்டி வந்திருக்கிறது. மூன்று வெள்ளி பொறுத்திருக்கிறார். நான்காவது வெள்ளி, கோயில் உறுதிப் பத்திரங்கள் பார்க்க வேண்டும் என்று வீட்டிலும் மகளிடமும் சொல்லிப் புதுக்கடைக்கு வந்துவிட்டார்.

"கிளாக்கர், நீர் ஒண்டும் சொல்லப்படாது" என்றார் புரொக்டர். "அவ சும்மா ஆளில்லை. கோட்டில குறுக்குவிசாரணை செய்யிற எனக்கே வீட்டில நாக்குப் புரளாது."

"தம்பி, ஒரு கால் எடும்" என்று மாமனார் நண்டின் பெரிய கால் ஒன்றை என் பக்கம் நீட்டினார்.

நான் எடுத்தேன். அன்றைய டயறியில் "புதுக்கடை, படிகள் 17" என்று மட்டும் எழுதினேன். நண்டுக் காலை இன்றுதான் முதல் தடவை பதிகிறேன்.

வெள்ளிக்கிழமைக் கூடைக்குக் கையோடு காசு கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கு ஒரே கணக்கு, கைக்காசு கிடையாது என்பது மனேஜரின் விதி. இன்னொரு விடயமும் என்னை அரித்தது. வீட்டுக் கூடையும் வெள்ளிக் கூடையும் சேர்ந்தால் மாதம் பதினேழு, பதினெட்டு. பதினைந்தைத் தாண்டுகிறது. மாதத் திட்டம்தான் அவருக்குக் குறைவு. எது குறைவு என்று நாங்கள் சொல்கிறோம் என்று அட்டை அச்சடித்துவிட்டு, தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். ஏன் திட்டம் மாறியது என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது? இந்தக் கவலையில், யூலை மாதத்தில் வெள்ளிக்கிழமை ஐந்து என்பதை நான் கவனிக்கவேயில்லை. தினமும் திகதி எழுதுகிறவன் நான்.

ஓகஸ்ட் 4ஆம் திகதி மங்கையற்கரசி அம்மா கதிரையில் உட்காரவில்லை. கொப்பியை என் மேசையில் விரித்து வைத்தார்.

"யூலையில பன்னிரண்டு கூடை. ஒண்டு எண்பது. பில் ரெண்டு ஐம்பத்தைஞ்சு. மிச்சம் எழுபத்தைஞ்சு. போன மாதம் அறுபது. படிக்கு மூண்டு சதம் எண்டால், ஒரு மாதத்தில அஞ்சு படி கூடியிருக்கு. மாடி வளருதோ?"

"திருத்த வேலை நடக்குது அம்மா."

"நேற்று அவர் கோட்டில நிண்ட நேரம் நான் போய் எண்ணினனான். பதினேழு."

சுவரில் தொங்கிய எங்கள் கம்பனிக் கலண்டரை அவரே கழற்றி மேசையில் வைத்தார். மே மாதத்து வெள்ளிக்கிழமைகளைப் பென்சிலால் தொட்டுக்கொண்டு போனார். நான்கு. யூன், நான்கு. யூலை, ஐந்து.

"வெள்ளிக்குப் பதினைஞ்சு சதம். நிலையான கட்டணமுமில்லை, படிக்கட்டணமுமில்லை. வெள்ளிக்கிழமையில அவருக்கு ஆரோ சாப்பாடு அனுப்பீனம். ஆர்?"

சத்தம் கேட்டு மனேஜர் வெளியே வந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"எங்கட லேனில இருபத்தெட்டு வீடு உங்களிட்டைக் கூடை குடுக்குது. இப்ப எனக்கு அந்தப் புத்தகத்தைக் காட்டாட்டி, நாளைக்கு அந்த இருபத்தெட்டும் பம்பலப்பிட்டிக்காரரிட்டைப் போகும்."

மனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த லேன் போனா நீங்களும் போக வேண்டியதுதான். புத்தகத்தக் காட்டுங்க."

"விதி இருக்கு சேர்."

"விதிய நான்தானே எழுதின. காட்டுங்க."

காட்டினேன். அம்மாவின் விரல் வரியில் ஓடி, "திரேசம்மா" என்ற இடத்தில் நின்றது. அப்போதுதான் உட்கார்ந்தார். முகத்தில் இருந்த வெற்றியெல்லாம் வடிந்துவிட்டது. கொப்பியை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டார். மனேஜர் ஒரு சோடா எடுத்துவரச் சொன்னார். அதை அவர் தொடவில்லை.

"என்ன வயதிருக்கும்?" என்று கேட்டார்.

ஒரு கணக்கு முழுவதும் சரியாக இருந்து, அதிலிருந்து எடுத்த முடிவு அடியோடு பிழையாக இருப்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அம்மா, அறுபதுக்கு மேல. முன்பல்லு மூண்டுதான் இருக்கு. விலைக்குச் சமைச்சுக் குடுக்கிறவ. நண்டு."

"நண்டோ?"

"நண்டு அம்மா. சிலவேளை மீனும்."

அம்மா சிரிக்கப் போகிறாரா அழப் போகிறாரா என்று தெரியாமல் மனேஜரும் நானும் நின்றோம். இரண்டையும் ஒரு நிமிடத்துக்குள் செய்து முடித்துவிட்டு, பிறகு நன்றாகக் கோபப்பட்டார்.

"அந்தக் கரியர் எத்தனை அடுக்கு?"

"ஆறு."

"அவர் தனிய ஆறடுக்குச் சாப்பிடமாட்டார். மற்றது ஆர்?"

"அதை நான் சொல்லுறது முறையில்லை அம்மா."

"நீங்கள் சொல்ல வேண்டாம்." கலண்டரை மறுபடி பார்த்தார். "வெள்ளிக்கிழமை. புதுக்கடை. கோயில் உறுதி." சட்டென்று நிமிர்ந்தார். "அப்பா!"

மனேஜர், "மாஷா அல்லாஹ்" என்றார். கணக்கைப் பாராட்டினாரா, தருமகர்த்தாவைப் பாராட்டினாரா என்று இன்றுவரை தெரியாது.

"அவர் பசியோட கோட்டில நிப்பார் எண்டு நானும் வெள்ளிக்கிழமையில பின்னேரம் வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லில படாமல் இருந்தனான்" என்றார் அம்மா. "ஒருநாள் தலைசுத்தி அடுப்படியில விழுந்தும் எழும்பினனான். வீட்ட வந்து, 'பாவம், நீயும் வாடிப்போனாய்' எண்டு சொன்னவர். நண்டு திண்ட வாயால."

பிறகு கொப்பியைத் திரும்பத் திறந்தார்.

"உங்கட பிழையும் இருக்கு. மே மாதம் எல்லாமாப் பதினெட்டுக் கூடை. மாதத் திட்டமெண்டால் ரெண்டு நாற்பது. நீங்கள் எடுத்தது ரெண்டு எழுபது. முப்பது சதம் கூட. யூனும் யூலையும் பதினேழு, பதினேழு. மாதத்துக்கு இருபது கூட. எது குறைவு எண்டு நாங்கள் சொல்லுவம் எண்டு அட்டையில போட்டிருக்கு. எழுபது சதம் தாருங்கோ."

மனேஜர் லாச்சியைத் திறந்து கடலையை எடுத்தார். பதினெட்டு வைத்தார், பதினைந்தை ஒதுக்கினார், மூன்று மிஞ்சியது. முப்பது சதம். பதினேழு வைத்தார், பதினைந்தை ஒதுக்கினார், இரண்டு. இன்னொரு தடவை, இரண்டு. மொத்தம் ஏழு கடலை மேசையில் இருந்தது. கணக்குச் சரியாக வந்தும் அவர் அதைத் தின்னவில்லை. எழுபது சதத்தை எண்ணி வைத்து, பக்கத்தில் அந்த ஏழு கடலையையும் வைத்து, அம்மாவின் பக்கம் நகர்த்தினார். நான் அறிய வேறெவருக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை.

அம்மா சதத்தை எடுத்துக்கொண்டார். கடலையில் இரண்டைத் தின்றார். பிறகு உத்தரவு போட்டார். நான் எழுதினேன்.

"இண்டையிலிருந்து அவரின்ர கணக்கு மாதத் திட்டம். அதில ஒரு கூடை கூட அனுப்ப அஞ்சு சதம்தானே? வெள்ளிக்கிழமையில வீட்டிலயிருந்து நானே அனுப்புறன். விரதக் கஞ்சி. ரெண்டு பேருக்கும் போதக்கூடியதா."

"உப்பு...?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"போடுறேல்லை."

எழுதினேன்.

"திரேசம்மாவின்ர கூடையை நிப்பாட்ட வேண்டாம். பாவம், அவவின்ர பிழைப்பு. அதை வெள்ளவத்தைக்குக் கொண்டுவாங்கோ. என்ர பேரில ஒரு புதுக் கணக்குத் திறவுங்கோ, நாள் திட்டம்."

மனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, உங்கட நேர்த்தி...?"

"நேர்த்தி குடும்பத்துக்கு வைச்சது. என்ர பங்கையும் சேர்த்து அவையள் ரெண்டு பேரும் இருக்கட்டும். இவ்வளவு நாளும் நான் அவையின்ர பங்கை இருந்தனானெல்லோ."

"நண்டா அம்மா, மீனா?" என்றேன்.

"ரெண்டும்."

எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். இருபத்தெட்டு வீடும் எங்களோடுதான் இருக்கும், ஆனால் இனிமேல் பில்லில் எத்தனை கூடை, எந்த நாள், எந்த வீடு என்று எல்லா விபரமும் எழுத வேண்டும் என்றார். மனேஜர் என்னைப் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்தேன். அந்த வருடம் முடியும் வரை அந்த லேனில் எத்தனை ஆண்களின் விரதம் உண்மையாகியது என்பது வேறு கதை. புரொக்டர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. மாமனார் பேசினார். ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் என்னைக் கண்டு, "தம்பி, கஞ்சிக்கு ஒரு ஊறுகாய் எண்டாலும் வைக்கச் சொல்லி உங்கட கொம்பனியால சொல்ல ஏலாதோ?" என்று கேட்டார். கூடைக்குள் இருப்பது எங்கள் விடயமல்ல என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள், ஓகஸ்ட் 5ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. 7.35க்குக் கந்தோர். எங்கள் பேரேட்டில் எல்லாக் கூடைகளும் வீட்டிலிருந்து கந்தோருக்குத்தான் போகும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கூடை போவதற்கு அதில் இடமே கிடையாது. ஆகவே முதல் வேலையாக அடிமட்டத்தை எடுத்து, சிவப்பு மையில், ஒரு புதிய பத்திக்குக் கோடு போட்டேன். மை காயும் வரை காத்திருந்தேன். பிறகு எழுதினேன்: "அனுப்புபவர், திரேசம்மா, கொட்டாஞ்சேனை. பெறுபவர், மங்கையற்கரசி அம்மா, வெள்ளவத்தை. அடுக்கு, ஆறு. சாப்பிடுபவர், ஒருவர்."